ஷீட்டுக்குப் பதிலா பேனல் போட்டா என்ன?

களியக்காவிளையில் பஸ் ஏறினால் பத்து நிமிடத்தில் பாறசாலை வந்துவிடும். நடுவில் ஒரு மாநில எல்லை இருப்பது கடைப் பலகைகளைப் பார்த்தால்தான் தெரியும். தமிழ் எழுத்து குறைந்து மலையாள எழுத்து கூடிக்கொண்டே போகும். பேச்சு அப்படியொன்றும் மாறாது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லைகளைத் திருத்தியபோது கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துக்கு வந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. அதனால் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளரும் பிள்ளைகளை இன்றும் பார்க்கலாம். என் அக்கா மகளும் அப்படித்தான். ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் தன் பாத்திரக்கடைக்குப் புதுக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தார். கீழே கடை, மேலே சரக்கு அறை, அதற்கும் மேலே மொட்டை மாடி. ஆனால் கேரளத்தில் மொட்டை மாடியை மொட்டையாக விட்டுவைப்பது குறைவு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை போய், அக்டோபரில் வடகிழக்கு மழையும் வந்து அடிக்கும். கான்கிரீட் எவ்வளவுதான் தாங்கும்? எங்கோ ஒரு மூலையில் ஒழுகத் தொடங்கிவிடும். அதற்காக மாடிக்கு மேல் ஓர் ஆள் உயரத்துக்கு இரும்புக் குழாய்களால் சட்டம் கட்டி, தகர ஷீட் வேய்ந்துவிடுவார்கள். இதற்கு அங்கே 'ட்ரஸ்' என்று பெயர். துணி காயப்போடலாம், மிளகு உலர்த்தலாம், விருந்துக்குப் பந்தி போடலாம்.

சாப்பாட்டு மேசையில் இரண்டு மதிப்பீட்டுத் தாள்கள் கிடந்தன. ஒன்று ட்ரஸ் கட்டும் வெல்டர் கொடுத்தது. இன்னொன்று சோலார் பேனல் வைப்பவர் கொடுத்தது. முதலில் ஷீட் போடவேண்டும், பிறகு அதன் மேல் பேனல் வைக்கவேண்டும் என்று அத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கூட்டிப் பார்த்துப் பெருமூச்சும் விட்டார்.

அக்கா மகள் இரண்டு தாளையும் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, ஷீட்டுக்கு மேல பேனல் வைக்கதுக்கு, பேனலையே ஷீட்டா போட்டா என்ன?"

அத்தான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய பெரிய கட்டடக் கலைஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அது. அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப்போகிறேன், மக்களே.

முதலில் பேனல் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மணலில் இருக்கும் சிலிக்கானைச் சுத்தம் செய்து, மிக மெல்லிய வில்லைகளாக அறுத்து எடுக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைவிட மெலிதாகக்கூட இருக்கும். தவறிப்போய்க் கீழே போட்டால் அப்பளம் போல நொறுங்கும். வில்லையின் ஒரு பக்கத்தில் துளி பாஸ்பரஸும் மறுபக்கத்தில் துளி போரானும் கலந்திருக்கும். இந்த இரண்டும் சந்திக்கும் இடம் எலக்ட்ரான்களுக்கு ஒருவழிப் பாதையாகிவிடுகிறது. வெளிச்சம் விழும்போது, சிலிக்கான் அணுவோடு ஒட்டிக்கிடந்த எலக்ட்ரான் துள்ளிக் கிளம்பும். அந்த ஒருவழிப் பாதை அதை ஒரே பக்கமாகத் தள்ளிவிடும். திரும்பி வர வழியில்லாமல், வெளியே நாம் இணைத்திருக்கும் கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். அப்படி வரும் வழியில் நம் விளக்கை எரித்துவிட்டு வருகிறது. அவ்வளவுதான். உள்ளே சுழலும் சக்கரம் கிடையாது, புகை கிடையாது, சத்தமும் கிடையாது.

வெளிச்சத்திலிருந்து மின்சாரம் பிறக்கும் என்பதை 1839-இல் கண்டவர் பிரான்ஸ் நாட்டு எட்மண்ட் பெக்கரல். அப்போது அவருக்கு 19 வயது. ஆனால் உருப்படியாக ஒரு சிலிக்கான் சோலார் செல் வருவதற்கு 1954 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூன்று பேர் அதைச் செய்தார்கள். விழுந்த வெளிச்சத்தில் 100-க்கு 6 பங்கை அது மின்சாரமாக்கியது. இன்று கடையில் வாங்கும் பேனல் 20 பங்குக்கு மேல் மாற்றுகிறது.

இனி அவள் கேள்விக்கு வருவோம். பேனலின் மேலே கண்ணாடி, ஓரத்தில் அலுமினியச் சட்டம். மழை தாங்கும், வெயில் தாங்கும், இருபது வருடத்துக்கு மேல் உழைக்கும். கூரைக்கும் சுவருக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்? இப்படிக் கட்டடத்தின் ஒரு உறுப்பாகவே பேனலைப் பொருத்துவதற்கு ஒரு நல்ல உதாரணம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில் இருக்கிறது. 1962-இல் அங்கே ஓர் உயரமான அலுவலகக் கோபுரத்தைக் கட்டினார்கள். பெயர் சி.ஐ.எஸ். டவர். அதன் ஒரு பக்கத்தில் ஜன்னலே இல்லாத நெட்டைச் சுவர். லிஃப்டும் படிக்கட்டும் இருக்கும் பகுதி அது. சுவர் முழுக்கக் குட்டிக் குட்டி மொசைக் கற்களைப் பதித்திருந்தார்கள். கட்டிய கொஞ்ச காலத்திலேயே கற்கள் உதிரத் தொடங்கிவிட்டன. அவ்வளவு உயரத்திலிருந்து கல் விழுந்தால் கீழே போகிறவர் கதி என்ன ஆகும்! பல வருடம் தவித்துவிட்டு, கடைசியில் சுவரை எதைக்கொண்டாவது மூடித்தான் ஆகவேண்டும் என்று முடிவு செய்தார்கள். எப்படியும் மூடப்போகிறோம், பேனலால் மூடினால் என்ன? மூடினார்கள். மொத்தம் 7,244 பேனல்கள். 2005-இல் மின்சாரம் வரத் தொடங்கியது.

"அப்போ நம்ம கடைச் சுவர்லயும் ஒட்டலாம்லா?" என்றாள்.

ஒட்டலாம். ஆனால் பாறசாலை மான்செஸ்டர் அல்ல. இங்கேதான் பூமிப்படத்தைக் கொஞ்சம் விரிக்கவேண்டும். மான்செஸ்டர் நிலநடுக்கோட்டிலிருந்து 53 டிகிரி வடக்கே இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் நண்பகல் சூரியன்கூட அடிவானத்தை ஒட்டித் தவழும். நேராக நிற்கும் தெற்குச் சுவரின் முகத்தில் அது பளிச்சென்று அடிக்கும். பாறசாலை 8 டிகிரியைக் கொஞ்சம் தாண்டிய இடம். இங்கே நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை அது நம் தலையைத் தாண்டி வடக்குப் பக்கமே சாய்ந்துவிடும். அந்த நாலரை மாதமும் நண்பகலில் தெற்குச் சுவரின் மேல் நேர் வெயில் ஒரு துளிகூட விழாது. கிழக்குச் சுவருக்குக் காலை வெயில் கிடைக்கும், மேற்குச் சுவருக்கு மாலை வெயில் கிடைக்கும், அவ்வளவே. மும்பை பக்கம் கம்ப்யூட்டர் தரவு மையம் ஒன்று தன் சுவர்களில் பேனல் பதித்திருக்கிறது. உயரமான கட்டடம், சிறிய மாடி. அதற்கு அது சரிதான். இரண்டு மாடிக் கடைக்கு எதற்கு? நம் ஊர் வெயில் கூரைக்கென்றே எழுதிவைத்த சொத்து.

ஒரு கணக்குச் சொல்கிறேன். மான்செஸ்டர் சுவர் ஒரு வருடத்துக்குத் தருவது ஏறத்தாழ 1,80,000 யூனிட். இப்போது கொச்சிக்கு வாருங்கள். நெடும்பாசேரி விமான நிலையம் 2013 மார்ச்சில் பயணிகள் வந்திறங்கும் கட்டடத்தின் கூரைமேல் 400 பேனல்களை வைத்தது. ஒவ்வொன்றும் 250 வாட். மொத்தம் 100 கிலோவாட். கேரள வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும் என்பது கைக்கணக்கு. 100-ஐ 4-ஆல் பெருக்கி, 365-ஆலும் பெருக்குங்கள். 1,46,000 யூனிட் வருகிறதா? மான்செஸ்டர் பேனல்கள் சிறியவை, 80 வாட் வகை, அது உண்மை. இருந்தாலும் 7,244 எங்கே, 400 எங்கே!

அந்த 400 பேனல்தான் தொடக்கம். ருசி கண்ட விமான நிலையம் அடுத்து விமானக் கொட்டகைக் கூரையில் கைவைத்தது. பிறகு சரக்கு முனையத்தின் அருகே 45 ஏக்கர் நிலத்தில் 46,150 பேனல்களை அடுக்கி 12 மெகாவாட் நிலையத்தை அமைத்தது. 2015 ஆகஸ்ட் 18-இல் அதைத் திறந்தபோது, முழுக்க முழுக்கச் சூரிய ஒளியில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்ற பெயர் கொச்சிக்குக் கிடைத்தது. 2018-இல் ஐக்கிய நாடுகள் சபை 'புவியின் நாயகர்' விருதும் கொடுத்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு. பேனல்களைக் கழுவும் தண்ணீர் வீணாகக் கூடாதென்று அவற்றுக்கு நடுவே காய்கறி பயிரிட்டார்கள். கார் நிறுத்துமிடத்துக்கும் பேனலையே பந்தலாகப் போட்டார்கள். காருக்கு நிழல், கட்டடத்துக்குக் கரண்டு. என் அக்கா மகள் கேட்ட கேள்விக்கு அந்தப் பந்தல் ஒரு பதில்.

இன்னொரு பதில் தண்ணீரில் மிதக்கிறது. பெரியார் போராடிய வைக்கம் தெரியும் அல்லவா? அங்கிருந்து தவணக்கடவுக்கு 'ஆதித்யா' என்ற படகு 2017 ஜனவரியிலிருந்து ஓடுகிறது. 75 பேர் போகலாம், ஒரு சொட்டு டீசல் வேண்டாம். படகின் கூரை முழுக்கப் பேனல்.

மூன்றாவது பதில் டெல்லியில் இருக்கிறது. சுற்றுச்சூழல் அமைச்சகம் இருக்கும் இந்திரா பர்யாவரண் பவனை 2014-இல் திறந்தார்கள். வரைபடம் போடும்போதே, ஒரு வருடத்துக்குத் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தன் கூரையே தந்துவிட வேண்டும் என்று தீர்மானித்துக் கட்டிய கட்டடம் அது. 930 கிலோவாட் பேனல் வைக்க மாடி போதாததால், கட்டடத்தின் விளிம்பையும் தாண்டிக் குடை போலக் கூரையை நீட்டிவிட்டார்கள். கட்டி முடித்த பிறகு யோசித்திருந்தால் அந்தக் குடை வந்திருக்காது.

சரி, பாறசாலைக்குத் திரும்புவோம். அத்தானுக்குக் கொஞ்சம் ஆசை வந்துவிட்டது. ஆனால் வெல்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "பேனலைக் கூரையாப் போட்டா ஒழுகும் சார்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்த ஒழுகலில் எனக்கே சொந்த அனுபவம் உண்டு. என் வீட்டில் தகர ஷீட்டின் மேல் பேனல் வைக்க வந்தவர்கள், ஷீட்டில் துளை போட்டு போல்ட் முடுக்கிவிட்டுப் போனார்கள். ரப்பர் வாஷரை மட்டும் மறந்துவிட்டார்கள். அந்த ஐப்பசி முழுக்க எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலு வாளி உட்கார்ந்திருந்தன. டிங், டாங் என்று ராத்திரி முழுக்கக் கச்சேரி.

பேனலையே கூரையாகப் போட்டால் துளைக்குப் பதிலாக இடுக்குத்தான் சிக்கல். ஒரு பேனலுக்கும் அடுத்த பேனலுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கும். அதை அடைக்க ரப்பர்ப் பட்டை வைக்கிறார்கள். அதையும் மீறி இறங்கும் தண்ணீரைப் பிடிக்க ஒவ்வொரு இடுக்கின் அடியிலும் அலுமினியத் தகட்டைக் கால்வாய் போல மடித்து ஓட்டுகிறார்கள். கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் இந்தக் கால்வாய்க்கு மலையாளத்தில் 'பாத்தி' என்று பெயர். நமக்குப் பாத்தி என்றால் கீரை விதைக்கிற இடம்! அக்கா மகளுக்கு இரண்டு பாத்தியும் தெரியும் என்பதில் ரொம்பப் பெருமை.

இந்த வித்தை புதிதும் இல்லை. பழைய ஓட்டு வீடு இருந்தால் அண்ணாந்து பாருங்கள். மேல் ஓட்டின் கீழ் நுனி, கீழ் ஓட்டின் மேல் நுனிமேல் ஏறிப் படுத்திருக்கும். ஓட்டின் ஓரத்திலேயே ஒரு குட்டிக் கால்வாய் இருக்கும். மங்களூரில் 1865-இல் பாசல் மிஷன்காரர்கள் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ஓடு அது. பசை இல்லை, சிமென்ட் இல்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்ததாலேயே தண்ணீர் உள்ளே வருவதில்லை. இப்போது வெளிநாடுகளில் விற்கும் சோலார் ஓடுகளும் இதே மாதிரி ஏறித்தான் படுக்கின்றன. தக்கலை பக்கம் போனால் பத்மநாபபுரம் அரண்மனையின் கூரைச் சரிவைப் பாருங்கள். மழை எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் தச்சர்கள் உளியையே எடுத்திருப்பார்கள் போலிருக்கும்.

சரிவு என்றதும் இன்னொன்று. நம் இடத்துக்குப் பேனலைத் தெற்கே பார்த்து எட்டு டிகிரி சாய்த்தாலே வெயிலுக்குப் போதும். ஆனால் பத்துக்குக் குறைக்காமல் வைப்பது நல்லது. சரிவு குறைந்தால் கீழ் விளிம்பில் தண்ணீர் தேங்கி, அது காய்ந்து அழுக்குக் கோடாகப் படியும். கொஞ்சம் சாய்த்து வைத்தால் பருவமழையே துடைத்துவிடும். காக்கை எச்சத்தை மட்டும் நாமே கழுவவேண்டும். அதற்குக் கையில் துடைப்பத்தோடு ஏறுவதற்கு ஒரு நடைபாதையும் விடவேண்டும். இதையெல்லாம் வரைபடத்தில் சேர்க்காவிட்டால் பிறகு அத்தான் பேனல்மேல்தான் நடக்கவேண்டியிருக்கும்.

அடுத்தது சூடு. வெயில் கூடக் கூட மின்சாரமும் கூடும் என்றுதானே நினைப்போம்? வெளிச்சம் கூடினால் கூடும். சூடு கூடினால் குறையும். பேனலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு 25 டிகிரி சூட்டில் அளந்தது. நண்பகலில் பேனல் 65 டிகிரிக்குக் கொதிக்கும். 25-க்கு மேலே ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 100-க்கு மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் கூடவோ மின்சாரம் குறையும். 40 டிகிரி ஏறினால் 100 வாட் தரவேண்டிய இடத்தில் 86 வாட் போலத்தான் கிடைக்கும். அதனால் பேனலின் முதுகில் காற்றுப் படவேண்டும். கான்கிரீட்டோடோ சுவரோடோ ஒட்டி வைத்தால் அதற்கு மூச்சு முட்டிவிடும். பேனலைக் கட்டடத்தோடு ஒன்றாக்கும்போது பலர் தவறுவது இங்கேதான்.

இப்போது அந்த ட்ரஸை நினைத்துப் பாருங்கள். ஓர் ஆள் உயரத்தில் நிற்கிறது. நாலு பக்கமும் திறந்திருக்கிறது. பேனலின் முதுகில் காற்று தாராளமாகப் புகுந்து போகும். இடுக்கில் நாலு சொட்டுத் தப்பி விழுந்தாலும் கீழே இருப்பது கான்கிரீட் தளம். பாத்திரமும் நனையாது, கணக்குப் புத்தகமும் நனையாது. தளத்தின்மேல் நேர் வெயில் படாததால் கீழே சரக்கு அறையும் அனல் அடிக்காது. பணக்கார ஊர்களில் எத்தனையோ செலவு செய்து தேடுகிற அமைப்பை, மழைக்குப் பயந்த ஊர் தானாகவே மாடிதோறும் கட்டி வைத்திருக்கிறது! ஷீட் இருக்கும் இடத்தில் பேனல் வந்து உட்காரவேண்டியதுதான் பாக்கி. இதைச் சொன்னதும் வெல்டர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஏதோ கணக்குப் போடத் தொடங்கினார்.

அவர் போட்டது எடைக் கணக்கு. இப்போது வரும் 540 வாட் பேனல் ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம் இருக்கும். எடை கிட்டத்தட்ட 28 கிலோ. 18 பேனல் வைத்தால் 500 கிலோ வரும், பத்துக் கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். நாளைக்குச் சுமார் 40 யூனிட். கடையின் விளக்கு, விசிறி, ஏசி எல்லாவற்றுக்கும் போதும். மிச்சம் மின்வாரியத்தின் கம்பிக்குப் போகும். இதற்கென்றே வைக்கும் மீட்டர் வந்ததையும் போனதையும் தனித்தனியாக எண்ணும்.

500 கிலோவைத் தாங்குவது பெரிய காரியமில்லை. தாங்குவதைவிடப் பிடித்து வைப்பதுதான் கஷ்டம் என்றார் வெல்டர். 2017 நவம்பர் 30-ஆம் தேதியை அந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலோரத்தைத் தொட்டுக்கொண்டு போன நாள். ரப்பர் மரங்கள் சாய்ந்தன, வாழைத் தோட்டங்கள் படுத்துவிட்டன, ஷீட்டுகள் பறந்தன. காற்று கூரையைக் கீழே அமுக்குவதில்லை, அடியில் புகுந்து மேலே தூக்குகிறது. குடை திருப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். ஆகவே ட்ரஸின் கால்களை நிறுத்தும் போல்ட்டுகளைக் கான்கிரீட் போடும்போதே தூண்களின் மேல் பதித்துவிடவேண்டும். பிறகு வந்து துளைத்தால் பிடிப்பும் குறையும், தளமும் கசியும். அன்றைக்கு மேல்தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா மகளின் கேள்வி ஒரு வாரம் தாமதித்து வந்திருந்தால் காலம் கடந்திருக்கும்.

இதற்குள் பக்கத்துக் கடைக்காரர் வந்தார். போன வருடமே பேனல் வைத்தவர். "நல்ல வெயிலடிக்கும்போதே கரண்டு போனா என் பேனலும் படுத்துருதே, ஏமாத்திட்டாங்களா?" என்று கேட்டார். யாரும் ஏமாற்றவில்லை. வெளியே கம்பியில் கரண்டு இல்லையென்றால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவர், மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடுவார். அந்த நேரம் பார்த்து ஏதோ ஒரு மாடியிலிருந்து மின்சாரம் கம்பிக்குள் வந்தால் அவர் உயிருக்கு ஆபத்து. கரண்டு போன நேரத்திலும் வேண்டுமென்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் தனியாக வேண்டும்.

எல்லாம் சரியாகி வருகிறது என்று நினைத்தபோது தென்னை குறுக்கே வந்தது. மனையின் தென்மேற்கு மூலையில் நிற்கிற மரம். மாடித் தளத்திலிருந்து இன்னும் இருபது அடி உயரம் போகிறது. அதை வெட்டிவிடலாம் என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். திண்ணையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த பாட்டிக்கு அது மட்டும் தெளிவாகக் கேட்டுவிட்டது.

"ஒங்க பேனலு தேங்கா காய்க்குமா? மரத்த வெட்டப்பிடாது, கேட்டியா."

ஒரு தென்னங்கீற்றின் நிழல் அப்படி என்ன செய்துவிடும்? கட்டட வேலையில் செங்கல்லைக் கைமாற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பத்துப் பேர் வரிசையாக நின்று ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குத் தருவார்கள். நடுவில் ஒருவர் கண்ணயர்ந்தால் மொத்த வரிசையும் நிற்கும். பேனலுக்குள்ளும் அப்படித்தான். ஒரு சிலிக்கான் வில்லை அரை வோல்ட்டுக்குச் சற்று மேலேதான் தரும். டார்ச் பேட்டரியே ஒன்றரை வோல்ட் ஆயிற்றே! அதனால் பல வில்லைகளை வரிசையாகக் கோத்திருக்கிறார்கள். ஒரு வில்லையின்மேல் கீற்று நிழல் விழுந்தால் அது தூங்கிவிடும். மற்றவை தள்ளுவதையும் வழியில் மறிக்கும். மறித்த இடம் சூடேறிக் கருகிப்போகக்கூட வாய்ப்புண்டு. இதற்காகப் பேனலின் பின்னால் பெரும்பாலும் மூன்று டையோடுகளை வைத்திருப்பார்கள். தூங்குகிறவரை விட்டுவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு செங்கல்லைக் கடத்தும் குறுக்குவழி அது. பேனல் கருகாது, ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்கு அந்த நேரத்துக்கு வேலை செய்யாது.

அப்படியானால் நிழல் எங்கெங்கே விழும் என்று தெரியவேண்டும். கம்ப்யூட்டரில் பார்க்கலாம். எங்களிடம் ஒரு சாக்குக்கட்டியும் ஒரு ஆறாம் வகுப்பும் இருந்தன.

டிசம்பர் இதற்குத் தோதான மாதம். 22-ஆம் தேதி வாக்கில் சூரியன் தெற்கே எவ்வளவு போக முடியுமோ அவ்வளவு போயிருக்கும். தெற்குப் பக்கத்து மரத்தின் நிழல் மாடிமேல் நீண்டு விழுவது அப்போதுதான். ஜூனில் நண்பகல் நிழல் நேரெதிராகத் தெற்கே போய்விடும், மாடியைத் தொடாது. அதனால் டிசம்பரில் தப்பிய இடம் வருடம் முழுக்கப் பெரும்பாலும் தப்பிவிடும். புது மாடியில் கம்பி கட்டிக்கொண்டிருந்ததால், அதை ஒட்டினாற்போல அதே உயரத்தில் இருந்த பழைய கடை மாடியில்தான் கோடு போட்டோம். அவள் மணிக்கொரு தடவை ஓடி ஓடி ஏறினாள். பன்னிரண்டரைக்கு நிழல் பன்னிரண்டு அடிபோல நீளம், வடக்கே பார்த்துக் கிடந்தது. மூன்று மணிக்கு இருபத்துநாலு அடி, வடகிழக்கே திரும்பிவிட்டது. நாலு மணிக்கு மாடி விளிம்பைத் தாண்டிப் பக்கத்துக் கடைக்குள் இறங்கிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டு, கோட்டின் மேல் மணியையும் எழுதினாள். நாலு மணிக்குப் பிறகு வெயிலே சாய்ந்து போவதால் அதைக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்று சொன்னேன். "அப்ப எதுக்கு என்னைய ஓடவிட்டீங்க?" என்றாள். பதில் இல்லை.

நிழல் பற்றி இன்னொரு வேடிக்கையும் உண்டு. உங்கள் ஊர் குமரி, பாறசாலை பக்கமென்றால் ஏப்ரல் 11-ஐ ஒட்டி ஒரு நாளும், ஆகஸ்ட் கடைசியை ஒட்டி ஒரு நாளும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஒரு ஈர்க்கிலைச் செங்குத்தாக நட்டுவையுங்கள். நிழல் குறுகிக் குறுகி அப்படியே மறைந்துபோகும். கடிகாரத்தில் 12 அடிக்கும்போது பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். நம் நேரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்குப் பொருத்தியது. நாம் அதற்கு மேற்கே 77 டிகிரியில் இருக்கிறோம். சூரியன் நம் தலைக்கு மேல் வர ஏறத்தாழ 12 மணி 22 நிமிடம் ஆகிவிடும்.

ஜனவரி முதல் வாரம் பேனல் வைப்பவர் டேப்போடு வந்தார். பழைய கடை மாடிக்குப் போனவர் சிறிது நேரம் இறங்கவே இல்லை. பிறகு மேலிருந்து குரல் கேட்டது.

"இந்தக் கோடெல்லாம் யார் போட்டது?"

அவள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அத்தான்தான் கை காட்டினார். பேனல்காரர் பேனாவை எடுத்து, வரைபடத்தில் தென்மேற்குப் பாதியைத் தகர ஷீட்டுக்கென்று அடித்து ஒதுக்கினார். மறுபாதியில் 18 கட்டங்களை வரைந்தார். வரைந்துவிட்டு அவளையே கேட்டார்: "மூணு மணிக் கோட்டுக்கு எந்தப் பக்கமா முதல் வரிசை வைக்கட்டும் மோளே?"

அவள் கிழக்கே கை நீட்டினாள்.